ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது, தங்கச்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா, அக்கவுண்ட்லேர்ந்து ஒன்பதாயிரம் போயிடுச்சு" என்று சொல்லும்போதே உன் குரல் உடைந்துவிட்டது. பிஜி வைஃபையில் வேலை பார்க்கப் பயமாக இருக்கிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு வாங்கின விபிஎன். அப்போது இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம்தான் கொடுத்தாய். இப்போது உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே வருஷத்துக்கு ஒன்பதாயிரம் எடுத்துக்கொண்டார்கள். கேன்சல் செய்யப் போனால் வழியே தெரியவில்லை. "ஐடியில வேலை பார்க்கிறேன், எனக்கே இது தெரியலையேன்னு வெட்கமா இருக்கு" என்றாய் பார், அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் இதே வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்த வெட்கத்தை விடு. வழி தெரியாமல் போனதற்குக் காரணம் உன் படிப்பில்லை. தெரியக்கூடாது என்றே அதைக் கட்டுகிறார்கள். அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்தக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2023-ல் வழக்குப் போட்டபோது வெளியே வந்தது. ட்ராய் போரைப் பற்றிய அந்த நீண்ட கிரேக்கக் காவியத்தின் பெயர். வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமரசமானது. அவ்வளவு பெரிய நாட்டில் கோடிக்கணக்கான பேர் அந்த வழியில் திணறியிருக்கிறார்கள். நீ ஒருத்தி திணறியதில் ஒன்றுமே இல்லை.

அப்பாவின் பென்சில் வட்டம்

உனக்கு இது தெரியாது, அப்பா சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போனில் ஒரு பாதுகாப்பு ஆப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் அடையாளம் திருடு போகாமல் காவல் காப்போம், ஏழு நாள் இலவசம் என்றது. டெபிட் கார்டு நம்பர் கேட்டது, கொடுத்தேன். மூன்றாம் நாளே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எந்த நேரமும் ஏதாவது எச்சரிக்கை வந்து அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. ஐகானை அழுத்திப் பிடித்து ஆப்பை நீக்கினேன். முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அப்பா பாஸ்புக்கை எடுத்து வந்து நீட்டினார். பென்ஷன் வரவுக்குக் கீழே, மாதத்துக்கு ஒன்றாக ஏழு இடத்தில் பென்சிலால் வட்டம். ஒவ்வொன்றிலும் 299 ரூபாய். பக்கத்தில் யாருடையது என்றே புரியாத ஆங்கில எழுத்துகள். "நீ ஏதாச்சும் வாங்கினியாம்மா, இல்லே பேங்க்ல எதுக்காச்சும் பிடிக்கிறாங்களா?" என்றுதான் கேட்டார், கோபமே படவில்லை. கணக்குப் போட்டால் 2,093 ரூபாய். வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ் எல்லாம் அவர் இடையில் கைவிட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. தொகை பெரிதில்லை, ஆனால் அந்தப் பென்சில் வட்டங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அன்று கற்ற முதல் பாடம்: போனிலிருந்து ஆப்பை நீக்குவது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. ஆப் உன் போனில் இருக்கிறது. சந்தா அந்தக் கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. பணம் எடுக்கும் அனுமதியோ உன் வங்கியில் இருக்கிறது. மூன்றும் மூன்று இடம். ஒன்றை மூடினால் மற்றது தானாக மூடாது.

யார் எடுத்தது என்று முதலில் கண்டுபிடி

நீ ஞாயிறு முழுக்கப் பிளே ஸ்டோரில் தேடியிருக்கிறாய். நீ அதை அங்கே வாங்கவே இல்லை. அவர்கள் வலைத்தளத்தில் கார்டு போட்டு வாங்கியிருக்கிறாய். பிளே ஸ்டோரில் எப்படித் தெரியும்?

அதனால் எதையும் அமுக்குவதற்கு முன்னால் ஸ்டேட்மென்ட்டைத் திற. பணம் யார் பெயரில் போயிருக்கிறது என்று பார். கூகுள் பிளே என்று இருந்தால் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உன் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் நிறுத்தலாம். ஆப்பிள் என்று இருந்தால் செட்டிங்ஸில் உன் பெயரைத் தொட்டதும் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். இந்த இரண்டும் ஒப்பிட்டால் சுலபம், இரண்டு நிமிஷ வேலை. ஆப்பிளில் இலவச நாட்களுக்குள் நிறுத்துவதாக இருந்தால் கடைசி நாளுக்காகக் காத்திருக்காதே, 24 மணி நேரம் முன்பே செய்துவிட வேண்டும்.

சிக்கல் மூன்றாவது வகையில்தான். ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயர் நீ கேள்விப்பட்டதாகவே இருக்காது. வெளிநாட்டு சாஃப்ட்வேர் கம்பெனிகளில் நிறைய பேர் பணம் வாங்கும் வேலையை இன்னொருவரிடம் விட்டிருக்கிறார்கள். பேடில், கிளெவர்பிரிட்ஜ் போன்றவை அப்படிப்பட்ட இடைநிலை விற்பனையாளர்கள். ஸ்டேட்மென்ட்டில் அவர்கள் பெயர்தான் வரும். பார்த்தவுடன் திருட்டு என்று பதறிவிடாதே. அவர்களிடமும் உன் சந்தாவை நிறுத்த வழி உண்டு. பேடில் டாட் நெட் என்ற பக்கத்தில் நீ வாங்கியபோது கொடுத்த மெயில் முகவரியைப் போட்டாலே உன் ஆர்டரைத் தேடி எடுக்கலாம், அங்கேயே ரத்தும் செய்யலாம். ஆப் கம்பெனி பதில் சொல்லாதபோது இந்தக் கதவு பலருக்கும் உதவும்.

வாங்கிய நாளில் வந்த ரசீது மெயிலையும் தேடி எடு. அதில் ஆர்டர் எண் இருக்கும். இந்த மாதிரி சேவைகளை வாங்கும்போது நாமே மறைந்து நிற்கத்தானே விரும்புகிறோம்? உண்மையான மெயில் கொடுக்காமல் ஒரு மாற்று முகவரியைக் கொடுத்திருப்போம், பிறகு அதை மறந்திருப்போம். நீயும் அதைத்தான் செய்திருந்தாய். எந்த முகவரி என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் போனது. ஆர்டர் எண் இருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

கேன்சல் பட்டன் இருக்கும் இடம்

மாலையில் வீடியோ காலில் உன் திரையைக் காட்டினாய் அல்லவா, அதை நான் ஒவ்வொரு பக்கமாக எழுதி வைத்தேன். ஆப்பில் கேன்சலே இல்லை. கம்ப்யூட்டரில் வலைத்தளத்துக்குப் போய் லாகின் செய்யச் சொன்னேன். கணக்கு, அதற்குள் பில்லிங், அதற்குள் 'திட்டத்தை நிர்வகி'. அந்தப் பக்கத்தில் பெரிய பச்சைப் பெட்டியில் 'மேம்படுத்து'. அதற்கு வெகு கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், அடிக்கோடு கூட இல்லாமல் ஒரு வரி: தானியங்கிப் புதுப்பிப்பை நிர்வகி. அது பட்டன் மாதிரியே இல்லை. அடிக்குறிப்பு மாதிரி இருந்தது. நீ அதைத் தாண்டித் தாண்டிப் போனாய், நான்தான் "அதைத் தொட்டுப் பாரு" என்றேன்.

தொட்டதும் 'உங்கள் பாதுகாப்பை இழக்கப் போகிறீர்கள்' என்று ஒரு பக்கம். அடுத்து ஏன் போகிறீர்கள் என்ற கேள்வித்தாள். அடுத்து மூன்று மாதம் இலவசம் என்று ஒரு சலுகை. கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டன்: நிறமடித்த பெரியதில் 'சலுகையுடன் தொடர்கிறேன்', வெறும் எழுத்தாக இருந்த சின்னதில் 'ரத்தைத் தொடர்கிறேன்'. இரண்டிலுமே 'தொடர்கிறேன்' இருந்ததால் அவசரத்தில் எதைத் தொடுகிறோம் என்றே தெரியாது. முதல் தடவை நீ அந்தச் சலுகைப் பக்கத்தோடு வெளியே வந்துவிட்டாய். ரத்தாகிவிட்டது என்று நினைத்தாய், ஆகவில்லை.

ஒரே அடையாளம்தான், இதை மட்டும் நம்பு: உன் மெயிலுக்கு 'ரத்தானது' அல்லது 'தானியங்கிப் புதுப்பிப்பு நிறுத்தப்பட்டது' என்று தேதியோடு கடிதம் வர வேண்டும். அது வரும் வரை ரத்து ஆகவில்லை என்றே வைத்துக்கொள். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்பதெல்லாம் ரத்து இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி முழுத் திரையாக. சாட்டில் பேச வைத்தால், பேசி முடித்ததும் அந்த உரையாடலை மெயிலுக்கு அனுப்பச் சொல். சாட்டில் அவர்கள் மூன்று தடவை சலுகை காட்டுவார்கள். "வேண்டாம், ரத்து செய்து உறுதி மெயில் அனுப்புங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை மூன்று தடவையும் மாற்றாமல் அனுப்பு. காரணம் சொல்ல ஆரம்பித்தால் அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். நீ யாருக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை.

வங்கியின் கதவு

இனி சொல்லப்போவதை மனப்பாடம் செய்துகொள். கம்பெனி நிறுத்தாவிட்டாலும் நீயே பணத்தை நிறுத்தலாம். நம் நாட்டில் அதற்குச் சட்டமே கைகொடுக்கிறது.

ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. கார்டு, வாலட், யூபிஐ எதில் தொடர் கட்டணம் போட்டாலும், கடை இந்தியாவில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும், இந்த விதி பொருந்தும். முதல் தடவை ஓடிபி போட்டுப் பதிவு செய்கிறோம் பார், அதுதான் மேண்டேட். அந்த ஓடிபி பக்கத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் என்ற தொகையை மட்டும் பார்த்திருப்பாய். அதற்குக் கீழேயே, மாறும் தொகை, அதிகபட்சம் இவ்வளவு, இன்ன வருஷம் வரை செல்லும் என்றும் இருந்திருக்கும். நீ அன்று அனுமதித்தது அந்த அதிகபட்சத்தை. அதனால்தான் ஒன்பதாயிரம் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் போனது. 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய் வரை மறுபடி ஓடிபி கேட்காமலே எடுக்கலாம்.

ஆனால் அதே விதி உனக்கு இரண்டு பலம் கொடுத்திருக்கிறது. ஒன்று, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி உனக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ அனுப்பியாக வேண்டும். கடையின் பெயர், தொகை, எடுக்கப்போகும் தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தடவையை மட்டும் நிறுத்தவும், மொத்த மேண்டேட்டையே நீக்கவும் அதிலேயே வழி இருக்க வேண்டும். இரண்டாவது, எந்த நாளில் வேண்டுமானாலும் ஆன்லைனிலேயே மேண்டேட்டை நீக்கும் வசதியை வங்கி கொடுக்க வேண்டும். இதற்கு உன்னிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

உனக்கு அந்த எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு 9.12-க்கு, உணவு டெலிவரி சலுகைகளுக்கும் லோன் விளம்பரங்களுக்கும் நடுவில். உன் போன் அதை விளம்பரப் பிரிவில் ஒதுக்கிவிட்டது. இனிமேல் உன் வங்கியின் பெயரில் வருவதை எல்லாம் விளம்பரப் பிரிவிலிருந்து எடுத்துவிடு. வங்கியில் உன் இப்போதைய நம்பரும் மெயிலும் இருக்கிறதா என்பதை இன்றே பார். அப்பாவுக்கு நடந்தது அதனால்தான்.

மேண்டேட்டை எங்கே பார்ப்பது? நெட்பேங்கிங்கிலோ வங்கி ஆப்பிலோ கார்டு பகுதிக்குள் போ. ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்: இ-மேண்டேட், ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், ரெக்கரிங் பேமென்ட்ஸ். கிடைக்கவில்லை என்றால் கஸ்டமர் கேரில் "என் கார்டில் இருக்கும் இ-மேண்டேட் பட்டியல் எங்கே?" என்று இதே வார்த்தையில் கேள். "சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்துங்க" என்று சொன்னால் கடைக்காரரிடம் பேசச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். யூபிஐயில் போட்டிருந்தால் இன்னும் சுலபம். நீ பணம் அனுப்பும் ஆப்பில் உன் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்று இருக்கும், அதில் எல்லாம் வரிசையாக நிற்கும். ரத்து செய்து பின் நம்பர் போட்டால் முடிந்தது. திறந்து பார்த்தால் நீ மறந்துபோன இரண்டு மூன்று சந்தாக்கள் அங்கே உட்கார்ந்திருக்கும், எனக்கு இருந்தது.

ஒரு எச்சரிக்கை. மேண்டேட்டை மட்டும் நீக்கிவிட்டுக் கம்பெனிப் பக்கத்தை அப்படியே விட்டுவிடாதே. முன்பணமாக வாங்கும் சந்தா என்றால் பணம் வராதபோது சேவை நின்றுவிடும், அவ்வளவுதான். வருஷ ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டுவது என்றால் பாக்கி இருக்கிறது என்று மெயில் வரும். அதனால் இரண்டு பக்கமும் மூடு. கார்டை பிளாக் செய்து புதுக் கார்டு வாங்குவது கடைசி ஆயுதமாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பயன்படாமலும் போகலாம், விசாவும் மாஸ்டர்கார்டும் புதுக் கார்டு விவரத்தைக் கடைக்காரருக்குப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவையை நடத்துகின்றன.

போன பணம்

ரத்து செய்வதும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் வேறு வேறு. தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினால் அடுத்த வருஷம் எடுக்க மாட்டார்கள், எடுத்த ஒன்பதாயிரம் அவர்களிடமே இருக்கும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும். விபிஎன் கம்பெனிகள் பலவும் 30 நாளுக்குள் பணம் வாபஸ் என்று விளம்பரம் செய்கின்றன. புதுப்பித்த பணத்துக்கும் அது உண்டா என்று அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தில் பார், சிலர் முதல் முறை வாங்குவதற்கு மட்டும் என்று எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தாலும் கேள். புதுப்பித்த ஓரிரு நாளில், பயன்படுத்தாமலே கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் இதை விட்டுவைக்கவில்லை. வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேர் தானாகப் புதுப்பிப்பதைப் பற்றி அங்கே போட்டி, சந்தைகள் ஆணையம் விசாரித்து, 2021-ல் மெக்காஃபி, நார்ட்டன் இரண்டிடமும் உறுதிமொழி வாங்கியது. தானாகப் புதுப்பித்த பிறகு விலகுகிறவர்களுக்கு மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பித் தர அவை ஒப்புக்கொண்டன. அப்படி ஒரு ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

மெயிலில் நாலே விஷயம் எழுது: ஆர்டர் எண், பணம் எடுத்த தேதியும் தொகையும், புதுப்பிக்க எனக்கு விருப்பமில்லை என்பது, ரத்தையும் முழுப் பணத்தையும் ஏழு நாளுக்குள் உறுதி செய்யுங்கள் என்பது. கோபம் வேண்டாம், கதையும் வேண்டாம். டாலரில் போன பணம் என்றால் திரும்பும்போது சில நூறு குறையும். வங்கி எடுத்த அந்நிய நாணய மார்க்கப்பும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பெரும்பாலும் திரும்பாது, டாலர் மதிப்பும் மாறியிருக்கும். அதைப் பார்த்துக் கம்பெனி ஏமாற்றியது என்று சண்டைக்குப் போகாதே.

அவர்கள் மறுத்தால் வங்கியில் டிஸ்ப்யூட் போடலாம். இங்கே ஒரு விஷயத்தில் நேர்மையாக இரு. "இந்தப் பரிவர்த்தனை எனக்குத் தெரியாது, மோசடி" என்று எழுதாதே. மேண்டேட்டை நீதான் பதிவு செய்தாய். பொய்யான காரணம் சொன்னால் உன் புகார் அங்கேயே விழுந்துவிடும். நீ ரத்து செய்த பிறகும் எடுத்திருந்தால் 'ரத்து செய்த தொடர் கட்டணம்' என்ற வகையே கார்டு நிறுவனங்களிடம் இருக்கிறது, அதில் போடு. உறுதி மெயிலும் ஸ்கிரீன்ஷாட்டும் அப்போதுதான் வேலை செய்யும். 24 மணி நேர அறிவிப்பே வரவில்லை என்றால் அதைத் தனி வரியாக எழுது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வங்கி. டிஸ்ப்யூட்டுக்குக் கெடு உண்டு, ஆறப் போடாதே.

கணக்கை அழிப்பது கடைசியில்

கோபத்தில் கணக்கையே முதலில் அழித்துவிட நினைத்தாய். நல்லவேளை என்னைக் கேட்டாய். அழித்துவிட்டால் எதில் லாகின் செய்து ரத்து செய்வாய், எதைக் காட்டிப் பணம் கேட்பாய்? ரத்து, உறுதி மெயில், மேண்டேட் நீக்கம், பணம் வருவது எல்லாம் முடிந்த பிறகு கணக்கை அழி.

அதற்கு முன்னால் வீட்டைக் காலி செய்வது மாதிரி பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டத்தோடு பாஸ்வேர்டு மேனேஜர் சேர்ந்து வந்திருந்தால் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்து வேறு இடத்தில் வை, வைத்த பிறகு இறக்கிய ஃபைலைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிடு. மாற்று மெயில் முகவரி கொடுக்கும் சேவை என்றால் இன்னும் கவனம். அந்த முகவரியில் எத்தனை இடத்தில் கணக்குத் திறந்திருக்கிறாய்? முகவரி செத்துவிட்டால் பாஸ்வேர்டு மாற்றும் மெயில் கூட வராது. வங்கி, ரயில் டிக்கெட், ஆபீஸ் எல்லாவற்றிலும் முதலில் சொந்த முகவரியை மாற்று.

விபிஎன் நின்ற மறுநாள் "நெட்டே வரலை அக்கா" என்று நீ அழைப்பாய், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் விபிஎன் என்று தேடினால் 'எப்போதும் ஆன்', 'விபிஎன் இல்லாத இணைப்பைத் தடு' என்று இரண்டு ஸ்விட்ச் இருக்கும். அவை ஆன் ஆகவே இருந்தால், சந்தா முடிந்ததும் போன் நெட்டை மறித்துவிடும். பயந்துபோய் மறுபடி பணம் கட்டிவிடாதே. இரண்டையும் ஆஃப் செய்து, அந்த விபிஎன் பெயரை 'மறந்துவிடு' கொடு.

கணக்கை அழிக்கச் சொல்லி மெயில் போடும்போது என் விவரங்களையும் நீக்குங்கள் என்று எழுது. அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் காப்பதில்லை. இணையத்தில் பின்தொடர்வதைத் தடுப்போம் என்று சொல்லி விற்ற அவாஸ்ட் நிறுவனம் பயனாளர்களின் இணைய நடமாட்டத்தையே சேர்த்து விற்றது என்று எஃப்டிசி குற்றம் சாட்டி, 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதே

இதைச் சொல்லும்போது என் கை நடுங்குகிறது, ஏனென்றால் ஒன்பதாயிரம் போன இடத்தில் தொண்ணூறாயிரம் போவது இங்கேதான். ரீஃபண்ட் வேண்டும் என்ற பதற்றத்தில் இருப்பவரைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். தேடலில் முதலில் வரும் நம்பர் அவர்கள் போட்டதாக இருக்கலாம். "ரீஃபண்ட் அனுப்புறோம், இந்த ஆப் போடுங்க, திரையைப் பகிருங்க, பின் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. 'உங்கள் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று பொய் ரசீது அனுப்புவதும் உண்டு. எதுவும் அழைக்காமல் உன் ஸ்டேட்மென்ட்டைப் பார், பணம் போகவில்லை என்றால் அந்த மெயிலை அழித்துவிடு. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் 1930-க்கு அழை.

புகார்

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' தடுப்பு வழிகாட்டுதல்களை அறிவித்தது. பதின்மூன்று வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. அதில் ஒன்று சந்தாப் பொறி: ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, அந்த வசதியை மறைத்து வைப்பது, இலவச சந்தாவுக்கே கட்டண விவரம் கேட்பது. உனக்கு நடந்ததும் அப்பாவுக்கு நடந்ததும் அப்படியே அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவில் விற்கும் எல்லாத் தளங்களுக்கும் இது பொருந்தும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். வாட்ஸ்அப்பில் 8800001915. 'சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப்' என்ற வார்த்தையைச் சொல்லிப் பதிவு செய், பதிவு எண்ணை எழுதிக்கொள். வங்கி மேல் குறை என்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் கொடு. 30 நாளில் தீராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் இலவசமாகப் போடலாம், விவரம் கேட்க 14448. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீ வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒன்பதாயிரத்துக்கு அவ்வளவு தூரமா என்பாய். 1915 வரையாவது போ. உன் பதிவு ஒன்று சேர்ந்தால்தான் அந்த சாம்பல் நிற வரியை அவர்கள் கொஞ்சம் கறுப்பாக்குவார்கள்.

இனிமேல் வாங்குவதாக இருந்தால் எது தேவை என்று யோசித்து வாங்கு. பிஜி வைஃபையில் உன் வங்கி ஆப்பும் பூட்டுக்குறி போட்ட வலைத்தளங்களும் ஏற்கெனவே சங்கேதமாகத்தான் பேசுகின்றன. உன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தியில் இலவசமாகப் பார்க்கலாம். ஆதார் பயோமெட்ரிக்கை இலவசமாகப் பூட்டலாம். கிரெடிட் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். உன் மெயில் எங்காவது கசிந்திருக்கிறதா என்பதை ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அப்பாவிடம் மாதம் 299 வாங்கியது பெரும்பாலும் இவற்றுக்குத்தான்.

விபிஎன் வேண்டும்தான் என்றால் தொடர் கட்டணம் இல்லாமல் வாங்கு. ஸ்வீடனின் முல்வாட் 2022-ல் புதிய தொடர் சந்தாக்களையே நிறுத்திவிட்டது. தானாகப் பணம் எடுக்க வேண்டுமானால் வாடிக்கையாளரின் விவரத்தைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது, அது எங்களுக்கு வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. வேறு யாரிடம் வாங்கினாலும் பணம் கட்டிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடு. கட்டிய காலம் முழுக்கச் சேவை வரும்.

ராத்திரி 11 மணிக்கு உனக்கு உறுதி மெயில் வந்ததைப் பார்த்தேன், சந்தோஷம். அதை எனக்கும் ஃபார்வர்ட் செய், இரண்டு இடத்தில் இருக்கட்டும். ரீஃபண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. புதன்கிழமை வரை பார்க்கலாம், வராவிட்டால் மதிய இடைவேளையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே 1915-க்கு கான்ஃபரன்ஸ் போடுவோம். ஆர்டர் எண்ணையும் அந்த வெள்ளிக்கிழமை எஸ்எம்எஸ்ஸையும் கையில் எடுத்து வை. சாப்பிட்டுவிட்டு உட்கார்.